உலகச் சட்டம் உள்ளூருக்குள் எப்படி வருகிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பெண். நுண்ணுயிரியல் படித்தவர். தன் நெருங்கிய தோழி கர்ப்பமாக இருக்கிறாள், அதற்குக் காரணம் தன் கணவர்தான் என்று தெரிந்ததும் அவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. தோழியின் வீட்டுக் கதவுக் கைப்பிடி, கார்க் கதவு, தபால் பெட்டி என்று எல்லாவற்றிலும் தோலை அரிக்கும் ரசாயனத்தைத் தடவி வைத்தார். ஒரு தடவையல்ல, மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப. ரசாயனம் கண்ணுக்குத் தெரிந்ததால் தோழி பெரும்பாலும் தப்பித்துவிட்டார். ஒரே ஒருமுறை கட்டைவிரலில் லேசான எரிகாயம். தண்ணீரில் கழுவிக்கொண்டார், அவ்வளவுதான். கடைசியில் தபால் துறைப் புலனாய்வாளர்கள் வைத்த கேமராவில் அந்தப் பெண் மாட்டிக்கொண்டார்.

உள்ளூர்க் காவல் நிலையத்தோடு முடிந்திருக்க வேண்டிய சங்கதி இது. ஆனால் மத்திய அரசு வழக்கறிஞர்கள் அவர்மீது சாட்டிய குற்றம் என்ன தெரியுமா? ரசாயன ஆயுதத்தைப் பயன்படுத்தியது! விஷவாயு போன்ற ஆயுதங்களை ஒழிக்க 1993-ல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதை நிறைவேற்ற அமெரிக்கா 1998-ல் தனியாக ஒரு சட்டம் போட்டது. அதில் ரசாயன ஆயுதம் என்பதற்கான விளக்கம் மிகவும் அகலமாக எழுதப்பட்டிருந்ததால், கதவுக் கைப்பிடியில் தடவியதும் அதற்குள் அடங்கிவிட்டது. ஆறு ஆண்டு சிறை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. உலக உடன்படிக்கைக்காகப் போட்ட சட்டத்தை இப்படிப்பட்ட உள்ளூர்க் குற்றத்துக்கு இழுக்க முடியாது என்று 2014-ல் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள்; தண்டனை நிற்காது என்பதில் எல்லாரும் ஒருமனதாக இருந்தார்கள்.

போர் ஆயுதங்களைப் பற்றிய ஓர் உடன்படிக்கை எப்படி ஒரு தெருவிலிருக்கும் வீட்டுக் கதவுவரை வந்து சேர்ந்தது? தானாக வரவில்லை. ஒரு நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. ஓர் அரசு வழக்கறிஞர் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தார். நீதிபதிகள் அதன் எல்லையைக் குறுக்கினார்கள். சர்வதேசச் சட்டம் என்றால் வானத்திலிருந்து விழும் கட்டளை என்று சிலர் நினைக்கிறார்கள். வெறும் காகிதம் என்று வேறு சிலர். இரண்டுமே சரியில்லை. உலக அளவில் எழுதப்படும் விதி உள்ளூரில் யாராவது அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் உயிர் பெறுகிறது. எடுத்துக்கொள்பவர் யார் என்பதைப் பொறுத்து அதன் உருவமும் மாறுகிறது.

கையெழுத்துப் போட்டால் போதுமா?

முதலில் அடிப்படை. உலகத்துக்கென்று ஒரு நாடாளுமன்றம் கிடையாது. ஐ.நா. பொதுச்சபை தீர்மானங்கள் போடும். அவற்றில் பெரும்பாலானவை நாடுகளைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துபவை நாடுகள் தாங்களாகவே செய்துகொள்ளும் உடன்படிக்கைகளும், நெடுங்காலமாக எல்லாரும் கடமையாகக் கருதிப் பின்பற்றிவரும் வழக்காறுகளும்தான்.

உடன்படிக்கையில் ஒரு நாடு கையெழுத்திட்டது என்று செய்தி வந்தால் அதோடு கதை முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. கையெழுத்து என்பது விருப்பம் தெரிவிப்பது. அதற்குப் பிறகு நாட்டுக்குள் உரிய ஒப்புதல் பெற்று, ‘இதற்கு நாங்கள் கட்டுப்படுகிறோம்’ என்று முறைப்படி உறுதி செய்ய வேண்டும். இதை ஏற்புறுதி என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் பல ஆண்டுகள் ஓடலாம். பெண்களுக்கு எதிரான எல்லாவிதப் பாகுபாட்டையும் ஒழிக்கும் உடன்படிக்கையில் அமெரிக்கா 1980-ல் கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை.

ஏற்புறுதி செய்யும்போதும் சில நாடுகள் ஓரிரு பிரிவுகளுக்கு மட்டும் விலக்கோ விளக்கமோ எழுதிக் கொடுத்துவிடும். குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை 1992-ல் ஏற்றபோது இந்தியா அப்படிச் செய்தது: குழந்தைத் தொழிலாளர் பற்றிய 32-ஆம் பிரிவை உடனே முழுமையாக நிறைவேற்ற முடியாது, படிப்படியாகச் செய்கிறோம் என்றது. குறைந்தபட்ச வேலை வயது குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2017-ல்தான். அதற்கு முந்தைய ஆண்டு உள்நாட்டுச் சட்டத்தைத் திருத்திக்கொண்டு, அப்புறம் போய்ப் பதிந்தது. ஏற்ற பிறகு சட்டம் மாறுவது மட்டுமல்ல, ஏற்பதற்காகவே சட்டம் மாறுவதும் உண்டு.

சரி, ஏற்புறுதியும் ஆகிவிட்டது. உடனே நீதிமன்றத்தில் போய் அந்த உடன்படிக்கையைக் காட்டி நியாயம் கேட்கலாமா? அது நாட்டைப் பொறுத்தது. நெதர்லாந்தில் கேட்கலாம், அந்நாட்டு அரசியலமைப்பின்படி, எல்லாரையும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைப் பிரிவுக்கு முரணாக உள்நாட்டுச் சட்டம் இருந்தால் அந்தச் சட்டம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பிரிட்டனிலும், அதன் வழிவந்த இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் கதை வேறு. அங்கே அரசாங்கம் வெளியே கொடுத்த வாக்கு வேறு, நாட்டுக்குள் செல்லும் சட்டம் வேறு. நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்றினால்தான் அந்த வாக்கு குடிமக்களின் கைக்கு வரும். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை பிரிட்டன் 1951-லேயே ஏற்றுவிட்டது. ஆனால் அந்த உரிமைகளைப் பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் நேரடியாகக் கேட்க வழிசெய்த மனித உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2000-ஆம் ஆண்டு அக்டோபரில். இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு!

இதில் ஒரு நெளிவு சுளிவு இருக்கிறது. நாட்டுக்குள் சட்டமாகவில்லை என்றாலும், வெளியே கொடுத்த வாக்கு அப்படியேதான் நிற்கும். உடன்படிக்கைகளைப் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு இதை அப்பட்டமாகச் சொல்கிறது: உள்நாட்டுச் சட்டம் இடம்தரவில்லை என்பதை வாக்குத் தவறியதற்குச் சாக்காகச் சொல்ல முடியாது. ஆக, ஒரு நாடு தன் குடிமகனுக்கு எதையும் தர வேண்டாம் என்று தன் நீதிமன்றத்திலேயே ஜெயித்துவிட்டு, அதே விஷயத்தில் மற்ற நாடுகளின் முன்னால் குற்றவாளியாக நிற்கலாம்.

ஓர் அணையும் ஓர் உலகப் பாரம்பரியச் சின்னமும்

மாநிலங்களாகப் பிரிந்த நாடுகளில் உலக ஒப்பந்தம் இன்னொரு வேலையும் செய்கிறது. அதிகாரத்தை மாநிலத்திடமிருந்து மத்திய அரசுக்கு நகர்த்திவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்தத் தலைப்பிலேயே பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநில அரசு, மின்சாரத்துக்காகக் கார்டன் ஆற்றின் குறுக்கே, பிராங்க்ளின் ஆறு வந்து சேரும் இடத்துக்குக் கீழே ஓர் அணை கட்ட நினைத்தது. நிலம், ஆறு, மின்சாரம் எல்லாம் மாநிலத்தின் விவகாரம். மத்திய அரசுக்கு அதில் நேரடியாகத் தலையிடும் அதிகாரம் இல்லை. மழைக்காடு மூழ்கிவிடும் என்று மக்கள் ஆற்றை மறித்துப் போராடினார்கள்; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1982 டிசம்பரில் யுனெஸ்கோ அந்த வனப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த மார்ச்சில் நடந்த தேர்தலில், அணையை நிறுத்துவோம் என்று வாக்குக் கொடுத்த தொழிற்கட்சி மத்தியில் ஆட்சிக்கு வந்தது.

எதை வைத்து நிறுத்துவது? ஆஸ்திரேலிய அரசியலமைப்பு வெளிவிவகாரங்களில் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. உலகப் பாரம்பரிய உடன்படிக்கையை நாடு ஏற்றிருக்கிறது. எனவே அதைக் காப்பாற்றச் சட்டம் போடுவதும் வெளிவிவகாரம்தான் என்று மத்திய அரசு வாதிட்டது. 1983 ஜூலை 1 அன்று அந்நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அதை ஏற்றுக்கொண்டது. அணை கட்டப்படவில்லை. ஒரே ஒரு நீதிபதி மாற்றி எழுதியிருந்தால் அந்த ஆறு இன்று வேறு மாதிரி இருந்திருக்கும்.

இந்திய அரசியலமைப்பின் 253-ஆம் பிரிவும் இதே வகைதான். சர்வதேச உடன்படிக்கையையோ மாநாட்டு முடிவையோ நிறைவேற்றுவதற்காக நாடாளுமன்றம் நாட்டின் எந்தப் பகுதிக்கும் சட்டம் இயற்றலாம், பொருள் மாநிலப் பட்டியலில் இருந்தாலும்கூட. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தையும், 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். இரண்டின் முகப்புரையிலும் 1972-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாடு வந்து நிற்கும். ஆலைப் புகைக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் என்ன தொடர்பு என்று யோசிப்பவர்களுக்கு விடை இதுதான்: அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று அங்கே கணக்குக் காட்டியிருக்கிறார்கள்.

இது நல்லதா கெட்டதா என்பது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அணையை எதிர்த்தவர்களுக்கு அது வெற்றி. மாநில உரிமை பேசியவர்களுக்கு, தங்கள் வீட்டு விவகாரத்தில் முன்வாசல் வழியாக நுழைய முடியாதவர்கள் கொல்லைப்புறமாக நுழைந்த கதை.

நாடாளுமன்றம் தூங்கும்போது

நாடாளுமன்றம் சட்டமே போடவில்லை என்றால்? சில நேரங்களில் நீதிபதிகள் அந்த வேலையைச் செய்துவிடுகிறார்கள்.

1992-ல் ராஜஸ்தானில், அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை செய்த ஒரு கிராமப் பெண், குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்கக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். வேலையைச் செய்ததற்காகவே ஒரு பெண்ணுக்கு இந்தக் கொடுமை நடந்திருக்கிறது, பணியிடத்தில் பெண்களைக் காப்பதற்கு நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை என்று பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. விசாகா வழக்கு என்று இதைச் சொல்வார்கள்.

நீதிமன்றத்தின் கையில் இருந்தது என்ன? சமத்துவம், கண்ணியமான வாழ்வு பற்றிய அரசியலமைப்பு உரிமைகள் இருந்தன. பாலியல் தொல்லை என்றால் என்ன, புகாரை யார் விசாரிப்பது என்பதற்கு உள்நாட்டுச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை இந்தியா 1993-ல் ஏற்புறுதி செய்திருந்தது. உள்நாட்டுச் சட்டத்தில் வெற்றிடம் இருக்கும்போது, அடிப்படை உரிமைகளுக்கு முரணாகாத சர்வதேச விதிகளை அந்த உரிமைகளுக்குள் சேர்த்துப் படிக்கலாம் என்று நீதிபதிகள் 1997 ஆகஸ்ட் 13 அன்று தீர்ப்பளித்தார்கள். கூடவே வழிகாட்டு நெறிமுறைகளையும் வகுத்து, சட்டம் வரும்வரை இவையே சட்டம் என்றார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த உடன்படிக்கையின் ஐ.நா. குழு 1992-ல் வெளியிட்ட ஒரு பரிந்துரை, பாலியல் தொல்லை என்றால் எவை எவை என்று விளக்கியிருந்தது: விரும்பத்தகாத உடல்தொடுகை, பாலியல் சாயலுள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, பாலியல் கோரிக்கை. ஏறக்குறைய அதே பட்டியல் விசாகா தீர்ப்பில் வருகிறது. பதினாறு ஆண்டு கழித்து, 2013-ல் நாடாளுமன்றம் ஒருவழியாக இயற்றிய சட்டத்திலும் அதே பட்டியல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அந்தக் குழுவின் முன்னால் புகார் கொடுக்கும் ஒருவர், தன் புகாருக்கு அடிப்படையான வாசகம் ஐ.நா. குழு ஒன்றின் பரிந்துரையிலிருந்து நடந்து வந்திருக்கிறது என்பதை அறிந்திருக்க மாட்டார். அறிய வேண்டிய அவசியமும் இல்லை.

இதற்கு முன்பே, 1980-ல், உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. வங்கிக் கடனைத் திருப்பிக் கட்டாதவர்களைச் சிறையில் போடலாமா என்பது கேள்வி. உரிமையியல் நடைமுறைச் சட்டம் அதற்கு இடம் தந்தது. ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற முடியாமல் போனதற்காக மட்டும் ஒருவரைச் சிறையிலிடக் கூடாது என்று, இந்தியா 1979-ல் ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கை சொல்கிறது. கிருஷ்ணய்யர் உள்நாட்டுச் சட்டத்தை ரத்து செய்யவில்லை. கையில் வசதி இருந்தும் ஏமாற்றுபவரைச் சிறையில் போடலாம், வறுமையால் கட்ட முடியாதவரைப் போடக் கூடாது என்று அதைப் படித்தார். இருக்கும் சட்டத்தின் பொருளை லேசாகத் திருப்பிவிடுவது: நீதிபதிகள் சர்வதேச விதிகளைப் பெரும்பாலும் இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.

எல்லா நீதிமன்றங்களும் இப்படிக் கதவு திறப்பதில்லை. இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், தன் வாக்குமூலத்தின் அடிப்படையிலேயே நீண்டகாலச் சிறை விதிக்கப்பட்ட ஒருவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று அக்குழு 2004-ல் கருத்துச் சொன்னது. அதைக் காட்டி அவர் கொழும்பில் உச்ச நீதிமன்றத்தை அணுகியபோது, தனிநபர் முறையீட்டுக்கு இடம் தரும், குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையின் இணைப்பு நெறிமுறையில் 1997-ல் நாடு சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண், உள்நாட்டில் அதற்குச் சட்டவலு இல்லை என்று 2006-ல் தீர்ப்பு வந்தது. வெளியே அந்த நெறிமுறையில் இலங்கை இன்னும் உறுப்பு நாடு. உள்ளே அதனால் யாருக்கும் பயனில்லை.

வணிகம் தரும் அழுத்தம்

மனித உரிமை உடன்படிக்கையை மீறினால் பெரும்பாலும் ஓர் அறிக்கை வரும், கொஞ்சம் அவமானம் வரும். வணிக ஒப்பந்தத்தை மீறினால் பணம் போகும். அரசுகள் எதற்கு அதிகம் பயப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

உலக வணிக அமைப்பு 1995-ல் தொடங்கியபோது, அதில் சேரும் நாடுகள் எல்லாம் மருந்துகளுக்கும் காப்புரிமை தர வேண்டும் என்றானது. இந்தியா 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருந்து தயாரிக்கும் முறைக்குத்தான் காப்புரிமை தந்தது, மருந்துக்கே தரவில்லை. வேறு முறையில் அதே மருந்தைத் தயாரித்து மலிவாக விற்க முடிந்தது. பத்தாண்டு அவகாசம் முடிந்து, 2005-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. இதுவரை கேட்டால், உலக அமைப்பு சொன்னது, நாடு பணிந்தது என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்தத் திருத்தத்தில் 3(டி) என்று ஒரு சிறு பிரிவு இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் பலன் கூடியிருந்தால் ஒழியக் காப்புரிமை கிடையாது என்கிறது அது. பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றிக் காப்புரிமைக் காலத்தை நீட்டிக்கும் பழக்கத்துக்கு வைத்த அணை. ரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றின் புதிய வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று மறுத்தது இந்தப் பிரிவைக் காட்டித்தான். எது கண்டுபிடிப்பு என்பதற்கு உலக ஒப்பந்தம் விளக்கம் எழுதவில்லை. அந்த இடைவெளியை உள்ளூர்ச் சட்டம் நிரப்பியது. அதற்கு முந்தைய ஆண்டு, பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து ஒன்றைத் தயாரிக்க நாட்கோ நிறுவனத்துக்கு அரசின் காப்புரிமை அலுவலகம் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே தயாரிக்கும் அனுமதி, கொடுத்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 2.8 லட்சம் ரூபாய் ஆகிக்கொண்டிருந்த மருந்து 8,800 ரூபாய்க்கு வந்தது. கட்டாய உரிமமும் அந்த உலக ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கும் வழிதான்.

எனவே ‘உலக ஒப்பந்தம் இருக்கிறது, எங்கள் கையில் ஒன்றுமில்லை’ என்று எந்த அமைச்சராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒப்பந்தத்தில் எத்தனை வாசல் திறந்திருக்கிறது, அதில் எதையெல்லாம் முயன்று பார்த்தார்கள் என்று கேட்கலாம். சில நேரம் உண்மையிலேயே வழி இருக்காது. பல நேரம், மக்களுக்குப் பிடிக்காத முடிவை வெளிநாட்டின் தலையில் கட்டிவிட ஒப்பந்தம் வசதியாக அமைந்துவிடுகிறது.

முதலீட்டு ஒப்பந்தங்கள் இன்னும் கொஞ்சம் கூர்மையானவை. இவற்றின்படி வெளிநாட்டு நிறுவனம் ஓர் அரசை நேரடியாக நடுவர் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். உருகுவே நாடு சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்றது. பிலிப் மோரிஸ் நிறுவனம் 2010-ல், சுவிட்சர்லாந்துக்கும் உருகுவேக்கும் இடையிலான முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட்டது. 2016 ஜூலையில் உருகுவே ஜெயித்தது. செலவுக்காக 70 லட்சம் டாலரை நிறுவனம் தர வேண்டும் என்றும் உத்தரவானது. அந்த வெற்றிக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, உலகச் சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை. ஓர் உலக ஒப்பந்தம் தாக்கியபோது இன்னோர் உலக ஒப்பந்தம் கேடயமானது.

வழக்கு போட்டவர் தோற்றாலும் வழக்குக்கு வேலை இருக்கிறது. சின்னமே இல்லாத வெற்று சிகரெட் பெட்டியை ஆஸ்திரேலியா 2012-ல் கொண்டுவந்தது. அதன்மீதும் வழக்குகள் பாய்ந்தன. நியூசிலாந்தும் அதையே செய்ய விரும்பியது. ஆனால் ஆஸ்திரேலியாவின் வழக்குகள் என்னவாகின்றன என்று பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று 2013-ல் சொன்னது. அங்கே சட்டம் நிறைவேறியது 2016-ல்.

யாரும் கையெழுத்திடாத விதிகள்

இதுவரை பார்த்தவை எல்லாம் உடன்படிக்கைகள். அன்றாட வாழ்க்கையில் அதிகம் உரசுபவை சட்டமே அல்லாத சில விதிகள்.

வங்கிக் கணக்குத் தொடங்கப் போனால் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பணம் எங்கிருந்து வருகிறது என்று அடுக்கடுக்காகக் கேட்கிறார்களே, அதன் வேர் பாரீஸில் இருக்கிறது. 1989-ல் ஜி-7 நாடுகள் தொடங்கிய நிதி நடவடிக்கைப் பணிக்குழு, கறுப்புப் பண மாற்றத்தைத் தடுக்க நாற்பது பரிந்துரைகள் வைத்திருக்கிறது. பெயர்தான் பரிந்துரை. பின்பற்றாத நாட்டைச் சாம்பல் பட்டியலில் போட்டுவிடுவார்கள். அப்புறம் அந்நாட்டு வங்கிகளோடு பணப் பரிமாற்றம் செய்ய வெளிநாட்டு வங்கிகள் தயங்கும். பாகிஸ்தான் 2018 ஜூன் முதல் 2022 அக்டோபர்வரை அந்தப் பட்டியலில் இருந்தது. வெளியே வருவதற்காக ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டங்களைத் திருத்தியது. எந்த நாடாளுமன்றமும் விவாதித்து ஏற்காத ஒரு பட்டியலுக்கு இவ்வளவு பலம் இருப்பது, ஜனநாயகத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்குக் கொஞ்சம் நெருடத்தான் வேண்டும்.

பெரிய சந்தை வைத்திருப்பவரின் சட்டமும் இப்படித்தான் பரவும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. மீறினால் உலகளாவிய வருவாயில் 4 சதவீதம்வரை அபராதம் என்றதும், வேறு கண்டங்களில் இருக்கும் நிறுவனங்களும் தங்கள் தளங்களை மாற்றிக்கொண்டன. பிரேசில் அதே சாயலில் சட்டம் போட்டது. கைப்பேசிகளுக்கு ஒரே வகைச் சார்ஜர் என்று ஐரோப்பா முடிவெடுத்தது. ஆப்பிள் 2023-ல் தன் ஐபோனின் துளையை உலகம் முழுவதும் மாற்றியது. அதற்காகச் சட்டம் போடாத நாடுகளிலும் அது மாறிவிட்டது.

அதே ஐரோப்பிய ஒன்றியம், வளரும் நாடுகள் சிலவற்றுக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச்சலுகை தருகிறது. பெற வேண்டுமானால் மனித உரிமை, தொழிலாளர் நலன், சுற்றுச்சூழல் உள்ளிட்ட 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். இலங்கையின் ஆடை ஏற்றுமதிக்கு இது முக்கியம். 2007-ல் குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கைக்காக ஒரு தனிச்சட்டம் கொழும்பில் நிறைவேறியதற்கு இந்தச் சலுகையும் ஒரு காரணம். ஆனாலும் மனித உரிமை நிலவரத்தைக் காட்டி 2010 ஆகஸ்டில் சலுகை நிறுத்தப்பட்டது. 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. அந்த 2007 சட்டத்தில் வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிரான ஒரு பிரிவு இருக்கிறது. 2019-ல் ஒரு சிறுகதை எழுதியவரைக் கைது செய்யப் பயன்பட்டது அந்தப் பிரிவுதான். கருத்துரிமையைக் காக்கும் உடன்படிக்கையின் பெயரில் வந்த சட்டம் ஒரு கதாசிரியரைச் சிறைக்கு அனுப்பியது!

ஒரு வெற்றிக் கதை, சுருக்கமாக

இதெல்லாம் உருப்படியாக எங்காவது நடந்திருக்கிறதா என்றால், ஓசோன் படலத்தைச் சொல்லலாம். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியலில் நெறிமுறை கையெழுத்தானது. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் இருந்த, ஓசோனைச் சிதைக்கும் குளோரோஃபுளோரோகார்பன்களைப் படிப்படியாக நிறுத்துவது நோக்கம். சேராத நாடுகளுடன் அந்தப் பொருள்களில் வணிகம் கூடாது என்று ஒரு பிரிவு. வளரும் நாடுகள் தொழில்நுட்பத்தை மாற்றிக்கொள்ள 1990-ல் ஒரு தனி நிதி. அவர்களுக்குக் கூடுதல் அவகாசம். மிரட்டலும் உதவியும் சேர்ந்தே இருந்ததால், ஒவ்வொரு நாடும் தன் இறக்குமதி உரிம விதிகளையும் ஆலைத் தரங்களையும் மாற்றிக்கொண்டது. உலகின் எல்லா நாடுகளும் முதன்முதலில் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கைகளில் இதுவும் ஒன்று.

கீழிருந்து மேலே

ஏற்புறுதிக்குக் காத்திருக்காதவர்களும் உண்டு. பெண்கள் உடன்படிக்கையை அமெரிக்கா ஏற்காமல் இழுத்தடித்தபோது, சான்பிரான்சிஸ்கோ நகரம் 1998-ல் அதன் கொள்கைகளைத் தன் நகராட்சிச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. நகரத் துறைகள் தங்கள் வேலையும் செலவும் பெண்களை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய வேண்டும் என்றது அச்சட்டம். வெளிவிவகாரம் மத்திய அரசின் வேலை. நகராட்சிப் பணிகளை எப்படி நடத்துவது என்பது நகரத்தின் வேலை. அந்த இடுக்கில் ஓர் உலக உடன்படிக்கை நுழைந்துவிட்டது.

எதிர்த்திசையிலும் பயணம் நடக்கிறது. பருவநிலை மாற்றத்தால் கடல் ஏறிவரும் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த சட்ட மாணவர்கள் சிலர், 2019-ல் வனுவாட்டுவிலுள்ள தங்கள் கல்லூரியில் ஒரு யோசனையைக் கிளப்பினார்கள்: நாடுகளுக்கு இதில் என்ன சட்டக் கடமை இருக்கிறது என்று சர்வதேச நீதிமன்றத்தையே கேட்டால் என்ன? வனுவாட்டு அரசு அதை எடுத்துக்கொண்டது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23 அன்று ஹேக் நகரில் நீதிபதிகள் ஒருமனதாகப் பதில் சொன்னார்கள். பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. தவறினால் தவறான செயலை நிறுத்துவதிலிருந்து இழப்பீடுவரை பொறுப்பு எழலாம்.

இந்தக் கருத்துரை யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் நெதர்லாந்தில் ஊர்கெண்டா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில், 2020-க்குள் உமிழ்வை 1990-ஐவிட 25 சதவீதமாவது குறைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் தன் அரசுக்கே உத்தரவிட்டது, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் வாழ்வுரிமைப் பிரிவைச் சேர்த்துப் படித்துத்தான். அந்த அரசு நெடுஞ்சாலைகளில் பகல்நேர வேகத்தைக் குறைத்தபோதும், நிலக்கரி மின்நிலையத்தை மூடியபோதும், இந்த வழக்கும் பேச்சில் அடிபட்டது. ஹேக் கருத்துரையைத் தங்கள் மனுவில் இணைத்து உள்ளூர் நீதிமன்றங்களில் தாக்கல் செய்பவர்கள் யார், எந்த நீதிபதி அதை எடுத்துப் படிப்பார் என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.